கக்குவானும் பெர்டுசிஸும்

(குழந்தை வளர்ப்பு சம்பந்தமாக நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றியதாகும். சாமிகளைப் பற்றியும் சாஸ்திரங்களைப் பற்றியும் பேசுவோமென்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது சப்பென்று தோன்றலாம். ஆனால் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமற் போனதால் ஒரு குடும்பத்தில் என்ன நேர்ந்தது என்பதைக் கேட்டுவிட்டு, அதன்பின் இது பேசத்தக்க விஷயமா அல்லவா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நமக்கு மிகவும் வேண்டிய தோழர் ஒருவர் தறி நெய்து ஜீவனம் செய்கிறவர். அவருக்கு ஆறு வயதில் ஒரு பையன். பிறந்து முப்பது நாளான ஒரு பெண் குழந்தை. பையனுக்கு முதலில் சளி பிடித்தது. பத்து நாள் கழித்து இருமல் வலுத்தது. இரவெல்லாம் விடாமல் இருமி, முகம் சிவந்து, கண் பிதுங்கி, கடைசியில் சாப்பிட்டதையெல்லாம் கக்கிவிட்டுச் சோர்ந்து விழுவான். ஒரு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் பார்த்துவிட்டுச் சீட்டில் ‘பெர்டுசிஸ்’ என்று எழுதினார். தோழர், “ஐயா, இது என்ன வியாதி?” என்று கேட்டார். “அதெல்லாம் சொன்னால் உனக்குப் புரியாது, மருந்தை வாங்கிக் கொடு” என்பது பதில்.

வீட்டில் அவருடைய தாயார் ஒரு கிழவி இருக்கிறார். படிப்பு வாசனை இல்லாதவர். அந்தம்மாள் என்ன சொன்னார் தெரியுமா? “நான் இதைக் கக்குவானாக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கக்குவானாயிருந்தால் கைக்குழந்தையைப் பிரித்து அதன் பாட்டி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இது ஏதோ இங்கிலீஷ் வியாதியாமே!” என்றார். இருவரும் ஒரே அறையிலேயே இருந்தார்கள். பதினைந்து நாளைக்குள் அந்தக் கைக்குழந்தை பால் குடிக்காமல் போயிற்று. இடையிடையே மூச்சு நின்று உதடு நீலம் பாய்ந்தது. குழந்தை கூவவுமில்லை, கக்கவுமில்லை. ஆகவே அதன் அண்ணனுக்கு வந்த வியாதிதான் இதற்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜோசியரிடம் ஓடினார்கள். அவர் ‘பட்சி தோஷம்’ என்று ஒரு நொடியில் சொல்லித் தாயத்து ஒன்று கட்டி, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். மூன்றாம் நாள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது. அங்கிருந்த நர்ஸம்மாள், “இது கக்குவான் அம்மா, முன்னமே கொண்டு வந்திருக்கக் கூடாதா?” என்று கேட்டபோதுதான் அந்தக் கிழவிக்கு ‘பெர்டுசிஸ்’ என்பதற்கு அர்த்தம் தெரிந்தது.

தோழர்களே! அந்தக் கிழவிக்கு அறிவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? கக்குவான் ஒட்டுவாரொட்டி என்பதும், கைக்குழந்தையை அதனிடம் அண்டவிடக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அந்த அறிவைப் பயன்படுத்த முடியாமல் நடுவில் மறித்து நின்றது ஒரு வார்த்தைதான். ஆகவே அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது, அதில் அப்படி என்ன பெரிய ரகசியம் அடங்கியிருக்கிறது என்று பார்ப்போம்.

வார்த்தையின் யோக்கியதை

‘பெர்டுசிஸ்’ என்பது லத்தீன் பாஷைச் சொல்லாகும். அதை இரண்டாகப் பிரிக்கலாம். ‘டுஸ்ஸிஸ்’ என்றால் இருமல். ‘பெர்’ என்றால் முழுக்க, கடுமையாக, மிகுதியாக என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்தால் ‘கடும் இருமல்’. அவ்வளவுதான்! இதற்கு மேல் அதில் ஒரு மந்திரமும் கிடையாது. ஒரு மாயமும் கிடையாது. இதைத்தான் ‘உனக்குச் சொன்னால் புரியாது’ என்று அந்த வைத்தியர் சொன்னார். கடும் இருமல் என்றால் புரியாத தமிழன் எங்கேயாவது இருக்கிறானா?

இந்தப் பெயரை வைத்தியப் புத்தகத்தில் ஏற்றியவர் சிடன்ஹாம் என்ற இங்கிலாந்து வைத்தியர். 1624-ல் பிறந்து 1689-ல் இறந்தவர். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் படித்தவர்களில் பலர் லத்தீனில் எழுதுவார்கள். அதே சமயத்தில் அதே இங்கிலாந்தில், குழந்தை பெற்ற தாய்மார்கள் இந்த வியாதியைச் ‘சின்காஃப்’ என்று தங்கள் வாயில் வந்தபடி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன் முதற்பகுதி, மூச்சுத் திணறி இழுப்பதைக் குறிக்கும் ஒரு பழைய சொல்லாகும். டச்சுக்காரர்களும் அதே இனத்துச் சொல்லால் ‘கிங்க்ஹூஸ்ட்’ என்கிறார்கள். பிற்காலத்தில் அந்தப் பழைய சொல் மறந்துபோகவே, இங்கிலீஷில் ‘சின்’ என்றால் முகவாய்க்கட்டை அல்லவா, ஆகையால் இது முகவாய் சம்பந்தமான இருமல் போலும் என்று நினைத்தவர்களும் உண்டு. பிறகு, இருமி முடித்துக் குழந்தை மூச்சை இழுக்கும்போது ‘ஹூப்’ என்று ஒரு கூவல் கேட்பதால் ‘ஹூப்பிங் காஃப்’ என்ற பெயர் வழங்கலாயிற்று. அதாவது கூவும் இருமல். இன்று அதன் தலையில் எழுதப்படும் ‘டபிள்யூ’ என்ற எழுத்துக்கூட நடுவில் வந்து ஒட்டிக்கொண்டதேயாகும்.

மற்ற தேசத்தாரைப் பாருங்கள். ஜெர்மானியர் ‘கோய்ஹுஸ்டென்’ என்கிறார்கள். இரைப்பிருமல் என்று அர்த்தம். ஸ்பெயின் தேசத்தார் ‘காட்டுமிருக இருமல்’ என்கிறார்கள். இத்தாலியில் ‘கழுதை இருமல்’ என்றும் ஒரு பெயருண்டு. குழந்தை மூச்சிழுக்கும் சத்தம் அவர்கள் காதுக்குக் கழுதை கத்துவதுபோல் கேட்டது. சீனரும் ஜப்பானியரும் சத்தத்தை விட்டுவிட்டு நாளை எண்ணி ‘நூறுநாள் இருமல்’ என்று பெயரிட்டார்கள். இந்தி பேசுகிறவர்கள் ‘கறுப்பு இருமல்’ என்கிறார்கள். கன்னடத்தார் நேராக ‘நாய் இருமல்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். இலங்கைத் தமிழர் ‘குக்கல்’ என்கிறார்கள். குக்கல் என்பதற்கு நம் பழைய தமிழில் நாய் என்றும் பொருளுண்டு. நாம் ‘கக்குவான்’ என்கிறோம். கக்குதல் என்றால் என்னவென்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

பிரெஞ்சுக்காரர் ‘கோக்லூஷ்’ என்று சொல்லும் பெயரோ தலையில் போடும் முக்காட்டைச் சேர்ந்தது. அது முதலில் வேறு ஒரு கொள்ளைச் சளிக்காய்ச்சலுக்கு வழங்கிப் பிறகு இதற்கு வந்து சேர்ந்தது. இப்போதோ சேவல் கூவுவதுபோல் கேட்பதால் வந்த பெயர் என்று அங்கே பலர் சொல்லிக்கொள்ளுகிறார்கள்.

இந்த வியாதியைக் கண்ணால் பார்த்துத் தெளிவாக எழுதிவைத்த முதல் வைத்தியர் பையூ என்ற பிரெஞ்சுக்காரர். 1578-ம் வருஷத்தில் பாரிஸ் பட்டணத்தில் குழந்தைகளுக்கு இது பரவியதை அவர் எழுதினார். அது அவர் இறந்தபின் 1640-ல்தான் அச்சாயிற்று. அப்போது ஜனங்கள் இதைக் ‘குவின்டா’ என்றார்களாம். அந்தப் பெயர் இருமலின் சத்தத்தால் வந்ததா, ஐந்து மணிக்கொரு முறை வருவதால் வந்ததா என்று அப்போதே சண்டை!

இவ்வளவு பெயரையும் வரிசையாக ஏன் சொன்னோமென்றால், இவற்றில் எந்தப் பெயரும் வானத்திலிருந்து விழவில்லை என்பதைக் காட்டுவதற்கேயாகும். காதால் கேட்டவன் சத்தத்தைச் சொன்னான். கண்ணால் கண்டவன் கக்குவதைச் சொன்னான். நாளை எண்ணியவன் நூறு என்றான். லத்தீன் படித்தவன் ‘மிகவும் இருமல்’ என்றான். இதில் லத்தீன்காரன் சொன்னது நம் கிழவி சொன்னதைவிட எந்த விதத்தில் உயர்ந்தது? உண்மையில் பார்த்தால் நம்முடைய ‘கக்குவான்’ ஒரு படி அதிகமாகவே சொல்லுகிறது. இருமினால் எல்லா வியாதியிலும் இருமலாம். இருமி இருமிக் கடைசியில் கக்குவது இந்த வியாதியின் முக்கியமான அடையாளமல்லவா?

பெயர் வேறு, அறிவு வேறு

நிற்க, இதைக் கொண்டு நம் முன்னோர்கள் எல்லாம் அறிந்தவர்கள் என்று யாரும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். பெயர் வைத்தவர்களில் ஒருவனுக்காவது இந்த வியாதி எதனால் வருகிறதென்று தெரியாது. பையூவுக்கும் தெரியாது, சிடன்ஹாமுக்கும் தெரியாது, நம் சித்தர்களுக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் மூடநம்பிக்கை வந்து குடிபுகுந்தது.

இங்கிலாந்தில் இந்த இருமல் கண்ட குழந்தையைக் கழுதையின் வயிற்றுக்குக் கீழே நுழைத்து எடுத்தார்கள். வேறு சிலர் சுண்டெலியை வறுத்துக் கொடுத்தார்கள். புள்ளி போட்ட குதிரைமேல் போகிறவனைக் கண்டால் வழிமறித்து, அவன் எந்த மருந்தைச் சொன்னாலும் அதையே கொடுத்தார்கள். நம் நாட்டிலோ கழுதைப்பாலைச் சங்கில் ஊற்றிக் கொடுக்கிறோம். அங்கே கழுதையின் வயிறு, இங்கே கழுதையின் பால்! உலகத்தில் மதங்கள் ஒன்றுபடாவிட்டாலும், கழுதை விஷயத்தில் மடமை ஒன்றுபட்டிருக்கிறது. கழுதையின்மேல் நமக்கு ஒரு கோபமுமில்லை. ஆனால் தெருவில் கறந்து காய்ச்சாமல் கொடுக்கும் பாலால் கைக்குழந்தைக்கு வேறு நோய் வருமேயல்லாது, இருந்த நோய் போகாது. ஆறு மாதம் வரையில் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு பால் தேவையுமில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள் பெல்ஜியம் தேசத்தைச் சேர்ந்த போர்டே, ழாங்கூ என்ற இருவர். 1900-ம் வருஷத்தில், இந்த வியாதி கண்ட ஐந்து மாதக் குழந்தையின் சளியைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து ஒரு கிருமியைக் கண்டார்கள். பார்த்த மாத்திரத்தில் ‘இதுதான்’ என்று சத்தியம் செய்துவிடவில்லை. அந்தக் கிருமி சாதாரண உணவில் வளரவில்லை. உருளைக்கிழங்கும் கிளிஸரினும் ரத்தமும் சேர்த்து அதற்கென்று ஓர் உணவைத் தயாரித்து, 1906-ல் அதைத் தனியாக வளர்த்துக் காட்டினார்கள். ஆறு வருஷம்! நம் ஜோசியருக்கு ஆறு நிமிஷம்கூட வேண்டியிருக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். போர்டேயின் பெயரை வைத்தே இன்று அக்கிருமியைப் ‘போர்டெடெல்லா பெர்டுசிஸ்’ என்கிறார்கள்.

அந்தக் கிருமி செய்வது என்ன? நமது மூச்சுக்குழலின் உட்பக்கத்தில் மெல்லிய மயிர்போன்ற இழைகள் இருக்கின்றன. அவை ஓயாமல் அசைந்து சளியையும் தூசியையும் மேலே தள்ளி வெளியேற்றும். இந்தக் கிருமி அவ்விழைகளைப் பற்றிக்கொண்டு நஞ்சைக் கக்கி, அவற்றைச் செயலறச் செய்துவிடுகிறது. துடைப்பம் போன வீட்டில் குப்பை சேர்வதுபோல் சளி சேருகிறது. அதை வெளியேற்ற உடம்பு இருமுகிறது. ஆகவே கக்குவதும் கூவுவதும் குழந்தையின் முன்ஜென்ம வினையல்ல, மூச்சுக்குழலின் அவஸ்தையேயாகும். முதல் ஒன்றிரண்டு வாரம் வெறும் சளிபோலிருக்கும். மற்றவர்களுக்கு அதிகமாக ஒட்டுவது அப்போதும், அதற்கடுத்த இரண்டு வாரமும்தான். பின்பு பல வாரம் இருமல் வாட்டும். கிருமியைக் கொல்லும் மருந்துகள் இன்று இருக்கின்றன. அவற்றைத் துவக்கத்திலேயே கொடுத்தால் நல்ல பலன் உண்டு. நஞ்சு தன் வேலையைச் செய்துவிட்ட பின் கொடுத்தால், மற்றவர்களுக்கு ஒட்டாமல் தடுக்குமேயல்லாமல் இருமல் லேசில் நிற்காது.

இப்பொழுது முக்கியமான இடத்திற்கு வருகிறோம். தாய்மார்கள் இதை நன்றாகக் கேட்க வேண்டும். பெரிய குழந்தை கூவும்; கக்கும். ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை கூவாமலே இருக்கலாம்; இருமல்கூட அதிகமாய் இல்லாமலிருக்கலாம். மூச்சு மட்டும் சற்று நேரம் நின்று, உதடு நீலமாகும், பால் குடிக்காது. இந்த வியாதியில் அதிகமாகச் சாகிறவர்கள் அந்தக் கைக்குழந்தைகளேயாவார்கள். அதாவது, பெயருக்குப் பொருந்தாமல் வரும்போதுதான் வியாதி மிகவும் கொடியதாயிருக்கிறது. கக்கவில்லை, ஆகவே கக்குவான் அல்ல என்று தமிழர் ஏமாறலாம். கூவவில்லை, ஆகவே கூவலிருமல் அல்ல என்று வெள்ளைக்காரரும் ஏமாறலாம். பெயர் என்பது நம் சௌகரியத்துக்காக நாம் ஒட்டிய சீட்டு. சீட்டைப் படித்துவிட்டால் சரக்கைப் பார்த்ததாகிவிடாது.

தடுக்கும் வழி

இதைத் தடுக்க ஊசி உண்டு. டென்மார்க் தேசத்து மாட்ஸன் என்பவர் 1920-களில் ஃபேரோ தீவுகளில் போட்டுப் பார்த்தார். அமெரிக்காவில் 1934-ம் வருஷத்தில் மட்டும் 2,60,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டது. அந்தக் காலத்தில் மிச்சிகன் மாகாணத்துக் கிராண்ட் ராபிட்ஸ் என்ற ஊரில் பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரண்டு பெண்கள், பகலெல்லாம் பரிசோதனைச் சாலையில் வேலை செய்துவிட்டு, மாலையில் ஏழைகளின் வீடுவீடாகப் போய், இருமும் குழந்தைகளின் சளியைத் தட்டில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்படிப் பாடுபட்டுச் சரியான ஊசி மருந்தைச் செய்து, ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் கணக்கு வைத்துச் சோதித்துக் காட்டினார்கள். பிறகு அவர்களோடு சேர்ந்து உழைத்த லோனி கார்டன் என்பவர், கறுப்பின மக்களுக்குப் பல கதவுகள் மூடியிருந்த காலத்தில் வந்த ஒரு கறுப்பினப் பெண். பெண்களுக்குப் படிப்பு ஆகாது, இன்ன ஜாதியாருக்கு அறிவு வராது என்று சொல்லும் புண்ணியவான்களின் வீட்டுக் குழந்தைகளுக்கும் இந்தப் பெண்களின் உழைப்பே காப்பாக இருக்கிறது.

மூடநம்பிக்கை நம் நாட்டுக்கே சொந்தமென்று நினைக்க வேண்டாம். 1974-ல் இங்கிலாந்தில், இந்த ஊசியால் சில குழந்தைகளுக்கு மூளை கெட்டதென்று ஒரு கிளப்பல் எழுந்தது. 100-க்கு 80 பேர் போட்டுக்கொண்டிருந்த ஊசி 30 பேராகக் குறைந்தது. அதன்பின் 1977 முதலும் 1981 முதலுமாக இரண்டு பெரிய கொள்ளையாக வியாதி பரவி, லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது. ஊசியால் நிரந்தரமாய் மூளை கெடும் என்பதோ பின்னால் செய்த ஆராய்ச்சிகளில் ருஜுவாகவில்லை. ஜப்பானிலும் அதே காலத்தில் இரண்டு குழந்தைகள் இறந்ததை ஒட்டி ஊசியை நிறுத்தினார்கள். 1979-ல் 13,000 பேருக்கு மேல் வியாதி கண்டு 41 பேர் இறந்தார்கள். 1981-ல் காய்ச்சல் அதிகம் வராத புது ஊசியை அவர்களே செய்து மறுபடியும் போட ஆரம்பித்தார்கள். குறை கண்டால் திருத்துவது அறிவு. பயந்து ஓடுவது மூடத்தனம்.

நம் நாட்டில் 1978 முதல் சர்க்கார் திட்டத்தில் இவ்வூசி இருக்கிறது. இப்பொழுது ஐந்து வியாதிகளுக்குச் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுகிறார்கள். அந்த ஐந்தூசி 2011-ம் வருஷக் கடைசியில் முதன்முதலாக ஆரம்பமானது தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமேயாகும். குழந்தைக்கு 6, 10, 14-ம் வாரங்களில் மூன்று தடவை. பிறகு ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் முத்தடுப்பு ஊசி. காசு கிடையாது. நம் தோழர் வீட்டுப் பையனுக்கு முதல் ஊசியில் காய்ச்சல் வந்ததென்று பக்கத்து வீட்டார் பயமுறுத்தவே, மற்றவற்றைப் போடாமல் விட்டுவிட்டார்கள். ஒரு நாள் காய்ச்சலுக்குப் பயந்தார்கள். அந்தக் கைக்குழந்தைக்கோ முதல் ஊசி போடும் வயதே ஆகவில்லை. அதற்கு இருந்திருக்கக்கூடிய ஒரு பெரிய வேலி அதன் அண்ணன் போட்டுக்கொண்டிருக்க வேண்டிய ஊசிதான். பெரியவர்களுக்கும் நாளடைவில் காப்பு குறைந்துபோகும். ஆகவே நாள்பட்ட இருமல் உள்ள எவரும், அவர் தாத்தாவாயிருந்தாலும் மாமாவாயிருந்தாலும், பச்சைக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சக் கூடாது.

யார் குற்றம்?

கடைசியாக ஒரு வார்த்தை. அந்தக் குழந்தை சாவதற்குக் காரணமானவர் ஜோசியர்தான் என்று சொல்லிவிடுவது நமக்குச் சுலபம். ஆனால் உண்மையைப் பேசவேண்டுமானால் இருவரையும் சொல்லியாக வேண்டும். ஒருவர் உண்மை தெரிந்தும் விளக்கவில்லை. மற்றவர் ஒன்றும் தெரியாமலே விளக்கினார். விளக்க மாட்டேன் என்கிறவன் வாசலைத் திறந்து வைத்தால், பொய்யாய் விளக்குகிறவன் அதன் வழியாய் உள்ளே நுழைகிறான். புரியாத சமஸ்கிருதத்தைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் பழகிய ஜனங்கள், புரியாத லத்தீனைக் கேட்டுக் கைகட்டி நிற்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இதனால் லத்தீன் பெயரே வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. பெல்ஜியத்து வைத்தியரும் சென்னை வைத்தியரும் ஒரே வியாதியைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்ள ஒரு பொதுப்பெயர் வேண்டும். அது புத்தகத்தில் இருக்கட்டும். வைத்தியர்கள் கூட்டத்தில் இருக்கட்டும். தாயாரிடம் பேசும்போது ‘கக்குவான்’ என்று சொல்லட்டும். சீட்டிலும் பக்கத்தில் தமிழில் எழுதட்டும். புரோகிதர் மந்திரத்துக்கு அர்த்தம் சொன்னால் அவர் பிழைப்புப் போய்விடும். வைத்தியர் வார்த்தைக்கு அர்த்தம் சொன்னாலோ அவர் வைத்தியம் இன்னும் நன்றாய்ப் பலிக்கும். இருவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அந்த வித்தியாசத்தை வைத்தியர்கள் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆகவே தோழர்களே! இனி எந்தச் சீட்டைக் கையில் வாங்கினாலும், “இதற்குத் தமிழில் என்ன பெயர்? இது ஒட்டுமா? வீட்டிலிருக்கும் சின்னக் குழந்தையை என்ன செய்ய வேண்டும்?” என்ற மூன்று கேள்வியையும் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள். கேட்பது அவமரியாதையல்ல. கேட்காமலிருப்பதுதான் நமக்கு நாமே செய்துகொள்ளும் அவமரியாதை. நாம் சொன்னோம் என்பதற்காக இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்தியில் வைத்துப் பார்த்துச் சரியென்று பட்டால், இன்றிரவே வீட்டுக்குப் போய்க் குழந்தைகளின் ஊசிச் சீட்டை எடுத்துப் பார்த்து, எந்த ஊசி பாக்கியிருக்கிறதென்று கணக்கெடுங்கள். அந்த ஒரு காரியத்தைச் செய்தால், இந்தக் கூட்டம் கூடியது வீணாகாது.